சதையிப் பயொப்சிக்காகச் சென்னை போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ எடுத்த ஸ்கானில் சதையியில் கட்டி என்று எழுதி வந்ததும், பல குடும்பங்கள் முதலில் பார்ப்பது விமானச்சீட்டைத்தான். சீட்டு ஒரு நாளில் கிடைத்துவிடும். ஆனால் சதையியில் (இந்திய வைத்தியசாலைகளில் கணையம் என்பார்கள்) பயொப்சிக்காக, அதாவது சிறு திசுத் துண்டை எடுத்துப் பரிசோதிப்பதற்காக, ஊசி வைப்பதற்கு முன் முடிக்க வேண்டியவை சில உண்டு. அந்த ஒழுங்கு பிசகினால், போன காரியம் முடியாமல் இரண்டாம் தடவை பணம் கட்ட வேண்டி வரும். இலங்கையிலிருந்து சென்னைக்கோ வேலூருக்கோ போகிற நோயாளிகளையும் கூடப் போகிறவர்களையும் மனதில் வைத்து, அந்த ஒழுங்கிலேயே இதை எழுதியிருக்கிறோம்.

பயொப்சி தேவையா என்று முதலில் கேளுங்கள்

கட்டி என்றாலே பயொப்சி என்று நினைக்க வேண்டாம். சி.டி. ஸ்கானில் கட்டி புற்றுநோய்க்குரிய தோற்றத்தோடு இருந்து, இரத்தக் குழாய்களைத் தொடாமல், வெட்டி எடுக்கக்கூடிய நிலையில் இருந்தால், பல சத்திரசிகிச்சை நிபுணர்கள் பயொப்சி இல்லாமலே அறுவைக்குப் போவார்கள். ஊசியில் புற்றுக் கலம் வராவிட்டாலும் அந்தக் கட்டியை விட்டுவைக்க முடியாது என்பதே காரணம். முடிவை மாற்றாத பரிசோதனைக்காகக் கடல் கடக்கத் தேவையில்லை.

பயொப்சி கட்டாயமாகும் நிலைமைகள் வேறு. சத்திரசிகிச்சைக்கு முன் கீமோ கொடுக்கத் திட்டமிருந்தால் வேண்டும். வெட்டி எடுக்க முடியாத அளவுக்குப் பரவியிருந்தாலும் வேண்டும், ஏனென்றால் திசு அறிக்கை கையில் இல்லாமல் கீமோ தொடங்க மாட்டார்கள். மூன்றாவது, கட்டி புற்றுநோய்தானா என்ற சந்தேகம் இருக்கும்போது. தன்னெதிர்ப்புக் கணைய அழற்சி (உடலின் எதிர்ப்புச் சக்தியே சதையியைத் தாக்குவது), காசநோய், லிம்ஃபோமா (நிணநீர்க் கலங்களின் புற்றுநோய்) ஆகிய மூன்றும் ஸ்கானில் சதையிப் புற்றுநோய் போலவே தெரியலாம். முதலாவதற்கு ஸ்டீரொயிட், இரண்டாவதற்குக் காசநோய் மருந்து, மூன்றாவதற்கு வேறு வகைக் கீமோ. ஒன்றுக்கும் கத்தி தேவையில்லை. நம் பகுதியில் காசநோயை யாரும் மறந்துவிடக் கூடாது.

ஈரலிலும் புள்ளிகள் தெரிந்தால் சதையியைத் தொடவே வேண்டியிராது. ஈரல் புள்ளியில் வயிற்றுக்கு வெளியிலிருந்து அல்ட்ராசவுண்ட் பார்த்து ஊசி வைப்பது இலகு, அதை இலங்கையிலேயே செய்துகொள்ளலாம். சதையிக்கு, வாய் வழியாகக் குழாயை இறக்கிப் பார்த்து ஊசி வைக்கும் எண்டொஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்டும் கொழும்பில் உண்டு. ஆகவே உங்கள் டொக்டரிடம் இரண்டு கேள்விகளை நேராகக் கேளுங்கள்: "அறிக்கை எப்படி வந்தாலும் சிகிச்சை ஒன்றுதானா?", "இதை இங்கேயே செய்தால் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்?" காத்திருப்பு ஒன்றிரண்டு வாரம்தான் என்றால், வெளிநாட்டுப் பயணம் நாட்களை மிச்சப்படுத்தாது.

ஸ்கான் முதலில், ஸ்டென்ட் பிறகு

அதிகம் பிழை நடக்கிற இடம் இதுதான். சாதாரண வயிற்று சி.டி. போதாது. சதையிக்கென்று தனி முறை இருக்கிறது: மருந்து ஏற்றி ஏறத்தாழ 40 முதல் 50 செக்கனில் ஒரு கட்டம், 65 முதல் 70 செக்கனில் இன்னொரு கட்டம், மூன்று மில்லிமீற்றருக்கு மேற்படாத மெல்லிய வெட்டுகள். முதற் கட்டத்தில் சதையி பளிச்சென்றும் கட்டி மங்கலாகவும் தெரியும். இரத்தக் குழாயைக் கட்டி எவ்வளவு சுற்றியிருக்கிறது என்பதும் இதில்தான் சரியாகப் புலப்படும். ஸ்கானுக்கு எழுதிக்கொடுக்கும்போது "பான்கிரியாஸ் புரோட்டோகோல்" என்று எழுதச் சொல்லுங்கள்.

இந்த ஸ்கானை ஸ்டென்ட் (அடைபட்ட குழாயைத் திறந்து வைக்கும் சிறு குழாய்) வைப்பதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். கண் மஞ்சளித்து, உடம்பெல்லாம் கடித்து, சிறுநீர் கறுத்துப் போகிறவர்களுக்குப் பித்தக்குழாய் அடைபட்டிருக்கும். அதைத் திறக்க ஸ்டென்ட் வைத்த பிறகு ஸ்கான் எடுத்தால், உலோகத்தின் நிழல் விழும். ஸ்டென்ட் வைத்ததால் வரும் வீக்கம் கட்டியின் எல்லையை மறைக்கும். இரண்டாவது ஒரு விதியும் உண்டு: நோய் என்னவென்று திசுவில் உறுதியாகும் முன், உறையிடாத உலோக ஸ்டென்டை வைக்கக் கூடாது. அதைப் பின்னர் எடுக்க முடியாது. கட்டி கடைசியில் புற்றுநோய் இல்லை என்று தெரிந்தால் அது உள்ளேயே தங்கிவிடும். அவசரத்துக்கு பிளாஸ்டிக் அல்லது உறையிட்ட உலோக ஸ்டென்ட் வைக்கலாம்.

மஞ்சளோடு நடுக்கமும் காய்ச்சலும் வந்தால் மேலே சொன்ன ஒழுங்கெல்லாம் ஒரு பக்கம் போகட்டும். அது பித்தக்குழாயில் கிருமித் தொற்று. அந்த நிலையில் விமானம் ஏறக் கூடாது. அருகிலுள்ள பெரிய வைத்தியசாலையில் அன்றே சேர்த்து, அடைப்பைத் திறந்து, உடல் தேறிய பிறகு பயணத்தை யோசியுங்கள்.

புற்றுநோய்க் குறியீடாகப் பார்க்கும் சி.ஏ. 19-9 என்ற இரத்தப் பரிசோதனையை மட்டும் வைத்து யாரும் முடிவெடுக்கக் கூடாது. பித்த அடைப்பு இருந்தாலே அது ஏறும். நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேரின் உடல் அந்தப் பொருளையே உண்டாக்காது, அவர்களுக்குப் புற்றுநோய் இருந்தாலும் எண் ஏறாது.

கடிதம், வீசா, பெயர்

வைத்தியசாலையைத் தெரிவுசெய்ததும் அங்குள்ள வெளிநாட்டு நோயாளர் பிரிவுக்கு ஸ்கான் படங்களையும் அறிக்கைகளையும் அனுப்புங்கள். படங்கள் ஃபிலிமில் அல்ல, டைகொம் வடிவில் (ஸ்கானின் மூலப் படக் கோப்பாக) கணினித் தட்டிலோ பென்டிரைவிலோ இருக்க வேண்டும். ஃபிலிமைப் பார்த்து ஊசி போகும் பாதையைத் திட்டமிட முடியாது. புறப்படுமுன் அந்தத் தட்டை ஒரு கணினியில் போட்டுப் பாருங்கள், வெறுமையான தட்டோடு போய் இறங்குகிறவர்கள் உண்டு.

அனுப்பும்போதே கேட்க வேண்டியவை: எண்டொஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட் வாரத்தில் எந்த நாட்களில் நடக்கும்? ஊசி வைக்கும்போது திசுவியல் நிபுணர் அதே அறையில் நுணுக்குக்காட்டியில் பார்ப்பாரா? அறிக்கை வர எத்தனை நாள்? வேலூர் சி.எம்.சி. வைத்தியசாலைக்குப் போகிறவர்கள் சந்திப்புச் சீட்டில் எந்த வளாகம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நகரத்து வளாகம் வேறு, 2022இல் தொடங்கிய ராணிப்பேட்டை வளாகம் வேறு.

இலங்கையர்களுக்கு இந்தியாவின் மின்-மருத்துவ வீசா உண்டு. 60 நாட்கள், மூன்று தடவை நுழையலாம், கூடப் போகிற இருவருக்குத் துணையாளர் வீசா. கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கம் வெறுமையாக இருக்க வேண்டும். குறைந்தது நான்கு நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும், ஒரு வாரம் விட்டுக்கொள்வது நல்லது. இந்திய அரசின் சொந்த இணையதளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். அதேபோலத் தோன்றும் தனியார் தளங்கள் மேலதிகமாகப் பணம் வாங்கும். சுற்றுலா வீசாவில் போனால் போதும் என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். பயொப்சிக்குப் பின் சிகிச்சை அங்கேயே தொடர வேண்டி வந்தால் அந்த வீசா காலை வாரிவிடும்.

வீசாவுக்கு வைத்தியசாலையின் கடிதம் வேண்டும். அதில் கடவுச்சீட்டில் உள்ளபடி பெயரும் இலக்கமும் இருக்க வேண்டும். நம்மவர்களுக்குத் தகப்பன் பெயர் முன்னால் வரும். உள்ளூர் அறிக்கையில் முதலெழுத்தோடு ஒரு பெயர், கடவுச்சீட்டில் முழுதாக இன்னொரு பெயர் என்று இருக்கும். வைத்தியசாலைப் பதிவு, கடிதம், வீசா, பிறகு திசுக் குப்பியின் மேல் ஒட்டும் சீட்டு எல்லாம் கடவுச்சீட்டுப் பெயரிலேயே போகட்டும். பழைய அறிக்கையில் வேறு விதமாக இருந்தால், இருவரும் ஒருவரே என்று இலங்கை டொக்டரிடம் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தங்குமிடத்தில் வெளிநாட்டவர் வந்ததை 24 மணி நேரத்துக்குள் இந்திய அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும். ஹோட்டல்கள் தாமாகச் செய்யும். சென்னையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் வீட்டுக்காரருக்கும் இந்தக் கடமை உண்டு.

பணம்

எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். அதில் எவை அடங்கும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: எண்டொஸ்கோப்பிக் கட்டணம், ஊசி (ஒருவருக்கு மட்டும் பாவித்து எறிவது), மயக்க மருந்து, திசுப் பரிசோதனை, அதன் மேல் நிறமூட்டும் பரிசோதனைகள், ஒரு நாள் கட்டில். கடைசி இரண்டையும் சேர்க்காமல் சொல்கிற தொகைதான் தொலைபேசியில் கேட்கும்போது கிடைக்கும். பல தனியார் வைத்தியசாலைகளில் வெளிநாட்டவருக்கென்று வேறு கட்டண அட்டவணை இருக்கிறது.

இந்திய வருமானவரிச் சட்டப்படி ஒரே நாளில் ஒருவரிடமிருந்து இரண்டு இலட்சம் இந்திய ரூபாவோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க முடியாது. பெரிய தொகைக்குக் காட் அல்லது வங்கி வழி தேவை, உங்கள் காட்டின் வெளிநாட்டு வரம்பைப் புறப்படுமுன் உயர்த்துங்கள். டொலர் நோட்டுகள் 5,000க்கு மேல் கொண்டுபோனால் சென்னை விமான நிலையச் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். பயணக் காப்புறுதி ஏற்கெனவே இருக்கும் நோய்க்கும் திட்டமிட்ட சிகிச்சைக்கும் பெரும்பாலும் பணம் தராது.

குளிசைகள்: எதை எப்போது நிறுத்துவது

இதை உங்கள் டொக்டரும் அங்குள்ள டொக்டரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். ஆனால் நாட்கணக்கைத் தெரிந்து வைத்திருந்தால்தான் நேரத்துக்குக் கேட்க முடியும். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளில், க்ளொபிடோக்ரெல் 5 முதல் 7 நாள் முன், வார்ஃபரின் 5 நாள் முன், அபிக்சபான், ரிவரொக்சபான் வகைகள் இரண்டு நாள் முன் (சிறுநீரகம் பலவீனமானால் இன்னும் முன்). அஸ்பிரினைப் பொதுவாக நிறுத்துவதில்லை. இருதயத்தில் அண்மையில் ஸ்டென்ட் வைத்தவர்கள் இருதய டொக்டரின் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு குளிசையையும் நிறுத்தக் கூடாது. சதையிக்குப் பார்த்து இருதயத்தைப் பறிகொடுப்பது நடக்கும்.

சீனி வருத்தத்துக்கான மருந்துகளில் இரண்டு வகையைத் தனியாகச் சொல்ல வேண்டும். டாபக்ளிஃப்ளொசின், எம்பக்ளிஃப்ளொசின் போன்றவற்றை மூன்று நாள் முன் நிறுத்தச் சொல்வார்கள், பட்டினியோடு சேர்ந்தால் இரத்தம் அமிலமாகும். செமக்ளூடைட் போன்ற வாராந்த ஊசி இரைப்பையைக் காலியாக விடாது, மயக்கத்தில் உணவு நுரையீரலுக்குப் போகலாம். இவற்றைப் பாவித்தால் மயக்க மருந்து டொக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள், அவர் கேட்கும்வரை இருக்க வேண்டாம்.

மஞ்சள் நீண்ட நாள் இருந்தவர்களுக்கு இரத்தம் உறைவது பிந்தும். பித்தம் குடலுக்குப் போகாததால் வைற்றமின் கே உடலில் சேராது. இரத்தம் உறைவதை அளக்கும் ஐ.என்.ஆர். 1.5க்கு மேலிருந்தால் வைற்றமின் கே ஊசி ஓரிரு நாள் போட்டுச் சரியான பிறகே பயொப்சி ஊசி வைப்பார்கள். பிளேற்றலட் (இரத்தம் உறைய உதவும் சிறு கலங்கள்) 50,000க்குக் குறைந்தாலும் முதலில் அதைச் சரிசெய்வார்கள். இந்த இரண்டு பரிசோதனைகளையும் இலங்கையில் ஒரு வாரத்துக்கு முன் செய்துபார்த்தால், அங்கே கட்டில் வாடகை கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதில்லை.

அன்றைய நாள்

திட உணவு எட்டு மணி நேரத்துக்கு முன் நிற்க வேண்டும். தெளிந்த தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்கு முன்வரை அனுமதிப்பார்கள். பால்தேநீர் தெளிந்த நீரல்ல. பொய்ப்பற்களைக் கழற்றி வையுங்கள். ஒப்புதல் படிவத்தில் நோயாளியே கையொப்பமிட வேண்டும். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அம்மாவுக்கோ அப்பாவுக்கோ தெரியக் கூடாது என்று பிள்ளைகள் டொக்டரின் காதுக்குள் சொல்வது வழக்கம். அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் எதற்கு ஊசி என்று தெரியாமல் கையொப்பமிடுகிறவர், பின்னால் வயிற்று வலி வந்தாலும் "ஒன்றுமில்லை" என்று மறைப்பார். கட்டி இருக்கிறது, அது என்னவென்று பார்க்கப் போகிறார்கள் என்ற அளவுக்காவது முன்பே சொல்லிவிடுங்கள்.

இடப் பக்கம் சரிந்து படுக்க வைத்து, இரத்த நாளத்தில் மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாகக் குழாயை இறக்குவார்கள். நுனியில் அல்ட்ராசவுண்ட் இருக்கிறது. சதையியின் தலைப்பகுதிக் கட்டியைச் சிறுகுடலின் தொடக்கத்திலிருந்தும், உடலையும் வாலையும் இரைப்பையிலிருந்தும் பார்த்து, சுவரூடாக ஊசியைச் செலுத்துவார்கள். பொதுவாக 22 அல்லது 25 கேஜ் ஊசி, இரண்டு முதல் நான்கு தடவை. அரை மணி முதல் முக்கால் மணி நேரம்.

ஊசியிலிருந்து வெளிவருவது இரத்தத்தோடு கலந்த, சேமியாத் துண்டு போன்ற வெளிறிய இழைகள். அவற்றை ஃபோர்மலின் (திசு கெடாமல் காக்கும் திரவம்) குப்பியில் போடுவார்கள். காசநோய்ச் சந்தேகம் இருந்தால் ஒரு பகுதியாவது ஃபோர்மலின் படாத சலைன் குப்பியில் தனியாகப் போக வேண்டும். ஃபோர்மலின் கிருமியைக் கொன்றுவிடும், பிறகு கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையில்) ஒன்றும் வளராது. லிம்ஃபோமா என்று நினைத்தாலும் உயிருள்ள கலங்கள் தனியாகத் தேவை. ஊசி முடிந்த பின் இதை ஞாபகப்படுத்திப் பயனில்லை. ஆகவே முதல் நாள் டொக்டரைச் சந்திக்கும்போதே "காசநோய்க்கும் அனுப்புவீர்களா?" என்று கேட்டு, குறிப்பில் எழுத வையுங்கள்.

பிறகு வரும் இரண்டு நாள்

தொண்டை நோவு ஒரு நாள் இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். சிக்கல் வருவது நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு. பெரும்பாலும் அது சதையி அழற்சி: மேல் வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் வலி, வாந்தி. முதல் இரண்டு நாட்களுக்குள் தெரிந்துவிடும். கருமையான மலம், இரத்த வாந்தி, 38 பாகைக்கு மேல் காய்ச்சல், நெஞ்சு வலி என்றால் இரவென்றும் பாராமல் அதே வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பக்கத்துக் கிளினிக்கில் வலி ஊசி போட்டுக்கொண்டு படுத்தால் காலம் போகும். அதனால்தான் தங்குமிடம் வைத்தியசாலையிலிருந்து அரை மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறோம். இந்த இரண்டு நாளுக்குள் திரும்பும் விமானத்தில் ஏற வேண்டாம்.

சீட்டு வாங்கும்போதே மாற்றக்கூடிய சீட்டாக, 10 முதல் 14 நாள் கணக்கில் வாங்குங்கள். பதிவும் பரிசோதனைகளும் இரண்டு மூன்று நாள், ஊசி ஒரு நாள், அறிக்கை மூன்று முதல் ஏழு நாள், நிறமூட்டும் பரிசோதனை கேட்டால் இன்னும் மூன்று நான்கு நாள். பொங்கல், தீபாவளி வாரங்களில் இந்தக் கணக்கு நீளும். பலாலி, கொழும்பு இரண்டிலிருந்தும் சென்னைக்கு நேரடி விமானம் உண்டு. பலாலிச் சேவை சிறிய விமானம், சக்கர நாற்காலியை முன்பே கேட்டு வைக்க வேண்டும்.

அறிக்கையில் என்ன எழுதியிருக்கும்

"அடினோகார்சினோமா" என்றால் விஷயம் தெளிவு, அது சதையியில் வழக்கமாக வரும் புற்றுநோய். "நியூரோஎண்டோக்ரைன்" என்று வந்தால் அது வேறு நோய், பொதுவாக மெதுவாக வளர்வது. அதற்குக் கி-67 என்ற எண் (கலங்கள் பெருகும் வேகத்தைக் காட்டுவது) கட்டாயம் இருக்க வேண்டும்: 3 வீதத்துக்குக் குறைவு முதல் தரம், 3 முதல் 20 வரை இரண்டாம் தரம், அதற்கு மேல் மூன்றாம் தரம். எண் இல்லாத அறிக்கையோடு ஊருக்குத் திரும்பாதீர்கள். "கிரனுலோமா" (அழற்சிக் கலங்களின் சிறு திரள்) என்றால் காசநோயைத் தேட வேண்டும்.

கஷ்டமானது "திசு போதவில்லை" என்பதும் "சந்தேகத்துக்குரிய கலங்கள்" என்பதும். புற்றுநோய் இருந்தும் ஊசியில் அகப்படாமல் போவது நூறு பேரில் பத்துப் பதினைந்து பேருக்கு நடக்கும். கட்டியைச் சுற்றித் தடித்த நார் வளர்ந்திருப்பதால் ஊசிக்கு நாரே அகப்படும். "புற்றுக் கலம் காணப்படவில்லை" என்ற வரியை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள் மூன்று மாதம் கழித்து மஞ்சளோடு வருகிறார்கள். ஸ்கான் சந்தேகமாக இருந்தால் இரண்டாம் தடவை ஊசி வைக்க வேண்டும். அதற்கு எவ்வளவு செலவு, அதே வாரத்தில் முடியுமா என்று முதல் நாளே கேட்டு வைப்பது நல்லது.

திரும்பும்போது கையில் இருக்க வேண்டியது

அறிக்கைத் தாள் மட்டும் போதாது. திசுவை மெழுகில் பதித்து வைத்த பரஃபின் கட்டியையும் (புளொக் என்பார்கள்) நிறமூட்டிய ஸ்லைட்டுகளையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வார்டில் கேட்டால் கிடைக்காது, திசுவியல் பகுதியின் கவுண்டரில் கடவுச்சீட்டுப் பிரதியோடு விண்ணப்பிக்க வேண்டும். ஒன்று முதல் மூன்று நாள் எடுக்கும், ஆகவே அறிக்கை வந்த அன்றே கேளுங்கள். மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையிலோ தெல்லிப்பழையிலோ சிகிச்சை தொடங்கும்போது ஸ்லைட்டை மீண்டும் பார்க்க வேண்டும் என்றால் அது உங்களிடம் இருக்கும். பிறகு மரபணுப் பரிசோதனை கேட்டாலும் அதே புளொக்கிலிருந்து வெட்டலாம், இன்னொரு ஊசி தேவையில்லை.

புளொக்கைக் கைப்பையில் கொண்டுவாருங்கள். மெழுகு 60 பாகையை அண்டி இளகும், வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் விட்டுவைக்கக் கூடாது. ஸ்லைட்டுகளைப் பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, உள்ளே என்ன என்று வைத்தியசாலை எழுதிய கடிதத்தைச் சேர்த்து வையுங்கள். ஃபோர்மலினில் இருக்கும் குப்பியை மட்டும் விமானத்தில் கொண்டுவர முயலாதீர்கள்.

அடினோகார்சினோமா உறுதியானவர்கள் எல்லோருக்கும், குடும்பத்தில் வேறு யாருக்கும் புற்றுநோய் இல்லாவிட்டாலும், பரம்பரை மரபணுக்களைப் பார்க்கும் இரத்தப் பரிசோதனை ஒன்றை உலக வழிகாட்டிகள் பரிந்துரைக்கின்றன. பீ.ஆர்.சி.ஏ. என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால் கீமோவின் தெரிவே மாறலாம், சகோதரங்களும் பிள்ளைகளும் தங்களைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டியும் வரலாம். இதற்கு ஒரு சிறு குழாய் இரத்தம் போதும். சென்னையில் நிற்கும்போதே கொடுத்துவிட்டு, முடிவை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லலாம்.